கிளிப் போடுமுன் எலும்பைப் பாருங்கள்



இம்மாதம் ஒரு தாயின் கடிதத்தோடு தொடங்குகிறோம். மலைநாட்டு ஊரொன்றிலிருந்து வந்த கடிதம். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதுகிறார்:

"என் மூத்த மகளுக்கு வயது பதினான்கு. கீழ்ப் பல்வரிசை நெருக்கமாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறி இருக்கிறது. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஒரு பல் டொக்டரிடம் காட்டினோம். மேலும் கீழுமாக நான்கு பற்களைக் கழற்றிவிட்டுத்தான் கிளிப் போட வேண்டி வரும் போல இருக்கிறது என்றார். என் உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. 'சூத்தை இல்லாத நல்ல பல்ல ஏன் புள்ள கழட்டணும்?' என்று கேட்கிறார். வேறோர் இடத்தில் விசாரித்தோம். ஒரு பல்லும் கழற்றாமல் செய்து தருவதாகச் சொன்னார்கள். மனம் ஆறுதலடைந்தது. ஆனால் முதலாவது டொக்டர் தாடை எலும்பின் தடிப்பைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு எக்ஸ்றேயும், தேவைப்பட்டால் ஒரு ஸ்கேனும் எழுதித் தந்திருந்தார். இரண்டாவது இடத்தில் படம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் வாப்பா வெளிநாட்டில் கஷ்டப்பட்டு அனுப்பும் காசு. பல்லை நேராக்குவதற்கு எலும்பை ஏன் படமெடுக்க வேண்டும்? வளரும் பிள்ளைக்கு எக்ஸ்றே கூடாது என்கிறார்களே, உண்மையா? நான் யாரை நம்புவது?"

இந்தச் சகோதரி கேட்பது நம்மில் பல தாய்மார் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்விகள்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பல் எதில் நிற்கிறது?

பல் முரசில் முளைத்து நிற்பதாக நாம் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். உண்மையில் பல்லைத் தாங்கி நிற்பது முரசுக்கு உள்ளே இருக்கும் தாடை எலும்பு. பல்லின் வேர் அந்த எலும்பிலுள்ள குழியொன்றில் பொருந்தி இருக்கிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மிக மெல்லிய நார்ப் படலம் ஒன்று உண்டு. அதன் தடிப்பு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர். பல் எலும்போடு ஒட்டிப்போய்விடாமல், கடிக்கும்போது சற்று அசைந்து கொடுப்பது இந்தப் படலத்தினால்தான்.

கிளிப்பும் கம்பியும் வேலை செய்வதும் இதனால்தான். கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, தள்ளப்படும் பக்கத்தில் நார்ப் படலம் நசுங்குகிறது. அங்கே எலும்பைக் கரைக்கும் கலங்கள் வந்து சேர்ந்து, பல் நகர இடம் செய்கின்றன. மறுபக்கத்தில் படலம் இழுபடுகிறது. அங்கே புதிய எலும்பை உண்டாக்கும் கலங்கள் வேலை செய்து, பல் விட்டுச் சென்ற இடத்தை நிரப்புகின்றன. முன்னே கரைவதும் பின்னே வளர்வதுமாக, மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பல் நகர்கிறது. கிளிப் சிகிச்சைக்கு ஒன்றரை, இரண்டு வருடங்கள் எடுப்பது ஏன் என்று இப்போது விளங்கும். அவசரப்பட்டுப் பலமாக முறுக்கினால் பல் வேகமாக வராது. வேருக்குத்தான் சேதம் வரும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த வேலை முழுவதும் எலும்புக்குள்ளே நடக்கிறது. எலும்பு இருக்கும் வரைக்கும்தான் பல் பத்திரமாக நகரலாம். எலும்பின் ஓரத்துக்கு வந்த பின்பும் தள்ளிக்கொண்டே போனால், உள்ளே கரைவது நிற்காது. ஆனால் வெளிப்பக்கத்தில் அதே அளவுக்குப் புதிய எலும்பு வளரும் என்று சொல்ல முடியாது. அப்போது வேர் எலும்பைத் தாண்டி வெளியே வரத் தொடங்கும்.

முட்டைக்கோது போன்ற சுவர்

அந்த ஓரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கடைவாய்ப் பற்களைச் சுற்றி எலும்பு ஓரளவு தடிப்பாக இருக்கும். முன்பற்களில் நிலைமை வேறு. மேல் முன்பற்களின் வேருக்கு முன்னால், உதட்டுப் பக்கமாக உள்ள எலும்புச் சுவர், பெரும்பாலானவர்களுக்கு ஒரு மில்லிமீற்றரும் இராது. கீழ் முன்பற்களிலும் அப்படித்தான். முன்னால் மெல்லிய சுவர், பின்னால் மெல்லிய சுவர், நடுவே வேர். கோழி முட்டையின் கோது ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. சிலருடைய முன்பல் எலும்பு அதைவிட அதிகம் தடிப்பில்லை. சிலருக்கு வேரின் ஒரு பகுதியில் சுவரே இல்லாமல் சாளரம் போல ஒரு துவாரமோ, மேலிருந்து கீழாக ஒரு பிளவோ இருப்பதும் உண்டு. கிளிப் என்றால் என்னவென்றே அறியாத பழங்காலத்து மண்டையோடுகளிலும் இவை காணப்பட்டிருக்கின்றன. முரசு மூடியிருப்பதால் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. வலியும் இராது.

எல்லோருக்கும் எலும்பு ஒரே தடிப்பாக இருப்பதில்லை. 1996இல் அமெரிக்கப் பற்சீரமைப்பு நிபுணர் ஹேண்டல்மன் பலருடைய பக்கவாட்டு எக்ஸ்றே படங்களை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். முகம் நீளமாகவும் கீழ்த்தாடை செங்குத்தாகவும் அமைந்தவர்களுக்குக் கீழ் முன்பற்களைச் சுற்றியுள்ள எலும்பு ஒடுங்கியிருப்பதை அவர் காட்டினார். அந்த எலும்பின் முன் சுவரும் பின் சுவருமே பல்லை நகர்த்துவதற்கான எல்லைகள் என்றும், அவற்றை மீறினால் சிகிச்சையே தீங்காகலாம் என்றும் எச்சரித்தார். அதே ஆண்டில் ஜேர்மனிய ஆய்வாளர்கள், கிளிப் சிகிச்சை பெற்றிருந்து பின்னர் காலமான ஒருவரின் தாடையை நேரடியாக ஆராய்ந்தார்கள். ஒடுங்கிய எலும்பில் கீழ் முன்பற்களை அதிகம் நகர்த்தியிருந்த இடத்தில் வேரைச் சுற்றி எலும்பு குறைந்துபோயிருப்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள்.

எலும்பு குறைந்தால் பல் உடனே விழுந்துவிடாது. கிளிப் கழற்றும் அன்று கண்ணாடியில் பார்த்தால் பல்வரிசை அழகாகவே இருக்கும். சில வருடங்கள் போன பின்புதான் முரசு மெல்ல மெல்லக் கீழிறங்கும். பல் நீண்டது போலத் தெரியும். வேர் வெளியே தெரிந்து குளிர்ந்த தண்ணீருக்குக் கூசும். சிலருக்குப் பல் ஆடவும் தொடங்கும். பதினாறு வயதில் கிடைத்த அழகு முப்பது வயதில் கவலையாகிவிடக் கூடாது. எலும்பைப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொல்வது இதற்காகத்தான்.

பல்லைக் கழற்றுவதா, கழற்றாமல் விடுவதா?

கடிதம் எழுதிய சகோதரியின் உம்மா கேட்ட கேள்வி நூறு வருடப் பழைய கேள்வி. இக்காலப் பற்சீரமைப்பு வைத்தியத்தின் தந்தை என்று சொல்லப்படும் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிளும் அதைத்தான் கேட்டார். ஒரு பல்லையும் கழற்றக் கூடாது, எல்லாப் பற்களையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினால் எலும்பு தானாக வளர்ந்து இடம் கொடுக்கும் என்பது அவருடைய உறுதியான கருத்து. 1930இல் அவர் காலமானார். அவருடைய மாணவர் சார்ள்ஸ் ட்வீட் ஆசிரியர் சொன்னபடியே பல நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, பின்னர் அவர்களுடைய பற்களைத் திரும்பிப் பார்த்தார். பலருக்கு முன்பற்கள் வெளியே தள்ளிப் போயிருந்தன. நேராக்கிய பற்கள் திரும்பவும் கோணியிருந்தன. அப்படியானவர்களுக்குப் பற்களைக் கழற்றி அவர் மறுபடியும் சிகிச்சை செய்தார். அவ்வாறான நூறு பேரின் விபரங்களை 1940இல் தன் துறையினர் முன் வைத்தார். அங்கே பெரிய வாக்குவாதமே நடந்தது. இன்று இரண்டில் ஒன்றை மட்டும் சரியென்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்குப் பிள்ளை பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதே வழக்கம்.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். கீழ் வரிசையில் ஆறு மில்லிமீற்றர் இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்வோம். முன்பற்களை முன்னால் ஒரு மில்லிமீற்றர் கொண்டுவந்தால் வரிசையில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் இடம் கிடைக்கும். ஆகவே ஆறு மில்லிமீற்றர் தேவையென்றால் முன்பற்களை மூன்று மில்லிமீற்றர் முன்னால் தள்ள வேண்டும். முன்னால் உள்ள எலும்புச் சுவரோ ஒரு மில்லிமீற்றரும் இல்லை. பல் நகரும்போது எலும்பும் ஓரளவு கூடவே வரும் என்பது உண்மைதான். தடிப்பான எலும்பும் தடிப்பான முரசும் உள்ள பிள்ளைக்கு இது பெரிய பிரச்சினையாகாமல் போகலாம். மெல்லிய எலும்புள்ள பிள்ளைக்கு அது ஆபத்தான தூரம்.

வேறு வழிகளும் உண்டு. இடக்குறைவு நான்கு மில்லிமீற்றருக்குள் என்றால், பற்களின் பக்கங்களை மிக மெல்லிதாக அராவி இடம் எடுக்கலாம். மேல் வரிசை ஒடுங்கியிருந்தால், வளரும் வயதில் அண்ணத்தைச் சற்று விரிக்கலாம். இடக்குறைவு எட்டு மில்லிமீற்றரைத் தாண்டினால் பல் கழற்றுவதைத் தவிர்ப்பது கஷ்டம். வழக்கமாகக் கழற்றுவது வேட்டைப் பல்லுக்கு அடுத்ததாக உள்ள முன்கடைவாய்ப் பல்லை. அதன் அகலம் ஏறத்தாழ ஏழு மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் கழற்றினால் பதினான்கு மில்லிமீற்றர் இடம் கிடைக்கும். முன்பற்களை எலும்புக்கு வெளியே தள்ளாமல் உள்ளேயே வரிசையாக்கலாம்.

ஆகவே நல்ல பல்லை ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்கும் உம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: சில பிள்ளைகளுக்குக் கழற்றவே தேவையில்லை. சில பிள்ளைகளுக்கு இரண்டு பல்லைக் கொடுத்துத்தான் ஆறு பல்லின் எலும்பைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த வகை என்பது வாயைத் திறந்து பார்த்தால் மட்டும் தெரியாது.

எந்தப் படம் எதைக் காட்டும்?

ரொண்ட்ஜன் எக்ஸ்றே கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜேர்மனியப் பல் வைத்தியர் ஒட்டோ வால்க்ஹோப் தன் சொந்தப் பல்லைப் படமெடுத்தார். அந்த ஒரு படத்துக்கு இருபத்தைந்து நிமிடம் அசையாமல் இருந்தாராம். இன்று அதற்கு ஒரு விநாடியும் தேவையில்லை. இப்போது பற்சீரமைப்புக்கு எடுக்கும் படங்கள் நான்கு வகை.

முதலாவது, வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய படம். ஒன்றிரண்டு பற்களின் வேரையும், பற்களுக்கு இடையிலுள்ள எலும்பின் உயரத்தையும் காட்டும்.

இரண்டாவது, ஓ.பி.ஜி. என்று சொல்லும் முழு வாய்ப் படம். இயந்திரம் தலையைச் சுற்றி வந்து, இரண்டு தாடைகளையும் எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டும். முளைக்காத பல், மறைந்து கிடக்கும் வேட்டைப் பல், ஞானப் பல், பிறவியிலேயே இல்லாத பல் எல்லாம் இதில் தெரியும். ஆனால் எலும்பின் தடிப்பு தெரியாது. வீட்டை வீதியிலிருந்து பார்த்தால் சுவரின் உயரமும் அகலமும் தெரியும். சுவர் எவ்வளவு தடிப்பு என்று தெரியுமா? அதுபோலத்தான்.

மூன்றாவது, தலையின் பக்கவாட்டுப் படம். அமெரிக்காவில் புரோட்பென்ட் என்பவரும் ஜேர்மனியில் ஹொப்ராத் என்பவரும் 1931இல் தனித்தனியாக இதற்கு முறையான வழியை அமைத்தார்கள். தலையை ஒரே நிலையில் பிடித்து வைத்து எடுப்பதால் கோணங்களையும் தூரங்களையும் அளக்க முடியும். மேல் தாடை, கீழ்த்தாடை, முன்பற்களின் சாய்வு, முன்பற்களுக்கு முன்னும் பின்னும் உள்ள எலும்பு எல்லாம் தெரியும். ஹேண்டல்மன் அளந்தது இந்தப் படங்களைத்தான். ஆனால் இதில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. நான்கு முன்பற்களும் ஒரே நிழலாகத் தெரிவதால், ஒவ்வொரு பல்லின் எலும்பையும் தனியாகப் பார்க்க முடியாது.

நான்காவது, சி.பி.சி.ரி. எனப்படும் பல் ஸ்கேன். கூம்பு வடிவான கதிரைத் தலையைச் சுற்றிச் செலுத்திப் பல படங்களை எடுத்து, கணனி அவற்றை ஒன்றாகச் சேர்க்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் இந்த வகை இயந்திரத்தைப் பற்றி 1998இல் எழுதினார்கள். அதற்குப் பின்னரே இது உலகமெங்கும் பரவியது. பாணை வெட்டிப் பார்ப்பது போல, எந்தப் பல்லையும் எந்த இடத்திலும் குறுக்காக வெட்டி உள்ளே பார்க்கலாம். முன் சுவர் எவ்வளவு, பின் சுவர் எவ்வளவு என்று மில்லிமீற்றரில் அளக்கலாம்.

எல்லோருக்கும் ஸ்கேன் தேவையா?

தேவையில்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். ஐரோப்பிய ஆணைக்குழு 2012இல் வெளியிட்ட வழிகாட்டலும், அமெரிக்காவின் வாய், முகக் கதிரியல் நிபுணர் கழகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கின்றன. கிளிப் போடும் எல்லோருக்கும் வழக்கமாக ஸ்கேன் எடுக்கக் கூடாது. வாயைப் பரிசோதித்து, சாதாரணப் படத்தைப் பார்த்து, அதில் விடை கிடைக்காத கேள்வி ஒன்று இருந்தால் மட்டுமே எடுக்க வேண்டும்.

அப்படியான கேள்விகள் எவை? வேட்டைப் பல் எலும்புக்குள் புதைந்து பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கிறதா என்பது ஒன்று. முரசு ஏற்கெனவே இறங்கியிருக்கும் மெல்லிய தாடையில் முன்பற்களை அதிக தூரம் நகர்த்த வேண்டியிருப்பது இன்னொன்று. பிளவு உதடு, பிளவு அண்ணத்துடன் பிறந்த பிள்ளைகளின் எலும்பைப் பார்க்கவும், தாடைச் சத்திர சிகிச்சைக்கும், சில வேளைகளில் எலும்பில் சிறிய திருகாணி பொருத்துவதற்கும் ஸ்கேன் உதவும்.

இனிக் கதிரின் அளவு. வானத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் இயற்கையாகவே நம் உடலில் கதிர் படுகிறது. உலக சராசரி வருடத்துக்கு 2.4 மில்லி சீவேர்ட். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.6 மைக்ரோ சீவேர்ட். பக்கவாட்டுப் படத்தின் அளவு பொதுவாக 6 மைக்ரோ சீவேர்ட்டுக்குள். அது ஒரு நாள் கணக்கு. ஓ.பி.ஜி. படம் 3 முதல் 24 வரை. அதிகம் போனால் நான்கு நாள் கணக்கு. பல் ஸ்கேனுக்கு இயந்திரத்தையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்துப் பெரிய வித்தியாசம் உண்டு. சிறிய பரப்பை எடுத்தால் சில பத்துகளில் முடியலாம். முழு முகத்தையும் எடுத்தால் பல நூறாகும், சில இயந்திரங்களில் ஆயிரத்தையும் தொடும். இதனால்தான் தேவையான பரப்பை மட்டும் எடுங்கள் என்று கேட்க வேண்டும். பிள்ளைகளின் உடல் வளரும் உடல். பெரியவர்களைவிட அவர்களுக்குக் கதிரின் பாதிப்பு கூடுதல். அளவு சிறிதாக இருந்தாலும் காரணமில்லாமல் கொடுக்கக் கூடாது. காரணம் இருக்கும்போது பயந்து மறுக்கவும் கூடாது.

ஸ்கேனிலும் பிழை வரலாம். மிக மெல்லிய எலும்பை அது சில வேளை காட்டாது. அதன் புள்ளிகள் பொதுவாக 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர் அளவானவை. எலும்பு அவ்வளவு மெல்லியதாக இருந்தால், இருக்கும் எலும்பும் இல்லாதது போலத் தெரியும். பிள்ளை சற்று அசைந்தாலோ, வாயில் உலோகம் இருந்தாலோ படம் மங்கும். ஆகவே ஸ்கேனில் எலும்பு தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் கலங்கிவிடாதீர்கள். முரசின் தடிப்பு, பல்லின் சாய்வு, பக்கவாட்டுப் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே நிபுணர் முடிவு சொல்வார்.

எலும்பு மெல்லிதென்றால்?

கிளிப்பே போட முடியாது என்று அர்த்தமில்லை. திட்டம் மாறும், அவ்வளவுதான். முன்பற்களை முன்னால் தள்ளும் தூரத்தைக் குறைப்பார்கள். மெல்லிய விசையோடு மெதுவாக நகர்த்துவார்கள். தேவையானால் பல் கழற்றி இடம் எடுப்பார்கள். முரசு மிகவும் மெல்லியதாக இருந்தால் அண்ணத்திலிருந்து சிறிதளவு திசு எடுத்து முதலில் முரசைத் தடிப்பாக்குவதும் உண்டு. பெரியவர்களுக்கு எலும்பைச் சற்றுக் கீறி, அதன் மேல் எலும்புத் துகள் வைத்துச் சிகிச்சை செய்யும் முறையொன்றை வில்கோ சகோதரர்கள் 2001இல் வெளியிட்டார்கள். அது எல்லோருக்கும் உரியதல்ல. சிலருக்கு, பற்கள் முழுக்க நேராகாவிட்டாலும் பரவாயில்லை, இந்த அளவோடு நிறுத்துவோம் என்பதே நல்ல முடிவாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு மட்டுமல்ல

இப்போது முப்பது, நாற்பது வயதுத் தாய்மாரும் கிளிப் போடுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வயதில் முரசு நோயால் எலும்பு ஏற்கெனவே குறைந்திருக்கலாம். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா, வாய் நாறுகிறதா, பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் முதலில் முரசு நோய்க்கு வைத்தியம் செய்து முடிக்க வேண்டும். நோயுள்ள முரசில் கம்பி கட்டினால் எலும்பு இன்னும் வேகமாகக் குறையும். நீரிழிவு உள்ளவர்கள், எலும்பு தேய்வுக்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தாலும் மறைக்காதீர்கள்.

வாயின் அச்சை மட்டும் எடுத்து அனுப்பினால் பல்லை நேராக்கும் பிளாஸ்டிக் உறைகளைத் தபாலில் அனுப்புவதாக விளம்பரங்கள் வருகின்றன. அச்சில் பதிவது பல்லின் வெளியே தெரியும் பகுதி மட்டும். வேரும் எலும்பும் அதில் இல்லை. எலும்பைப் பார்க்காமல் யாரும் உங்கள் பல்லை நகர்த்த இடம் கொடுக்காதீர்கள்.

படமெடுக்கப் போகும்போது

தோடு, மூக்குத்தி, மாலை, தலைப்பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். அங்கே கழற்றி வைத்து மறந்து வருபவர்கள் பலர். தலைத்துணியில் குத்தும் உலோக ஊசிகளும் படத்தில் வெள்ளைக் கோடாக விழும். ஊசி இல்லாமல் கட்டக்கூடிய மெல்லிய துணியை அணிந்து சென்றால் பெரும்பாலும் அதுவே போதும். துணியை நீக்க வேண்டி வந்தால் பெண் உத்தியோகத்தர் ஒருவரைக் கேளுங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைத்தால் ஒழுங்கு செய்வது இலகு.

பிள்ளை பத்து இருபது விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். வீட்டில் ஓரிரு முறை பழக்கி விடுங்கள். அசைந்தால் திரும்ப எடுக்க வேண்டி வரும், கதிரும் இரட்டிப்பாகும். ஈய அங்கி போடவில்லையே என்று பயப்பட வேண்டாம். புதிய இயந்திரங்களில் கதிர் தேவையான இடத்தில் மட்டும் விழுவதால், வழக்கமாக அதை அணிவிக்கத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கத்தின் நிபுணர் குழு 2024இல் கூறியது. பழைய படங்கள் இருந்தால் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். சில மாதங்களுக்கு முன் எடுத்த ஓ.பி.ஜி.யே போதுமானதாக இருக்கலாம். எடுத்த படத்தின் பிரதியை வாங்கி, பிள்ளையின் மற்ற வைத்தியப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.

டொக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: இந்தப் படத்தில் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்? படம் ஒரு விதமாக வந்தால் என்ன செய்வீர்கள், வேறு விதமாக வந்தால் என்ன செய்வீர்கள்? முன்பற்களை எவ்வளவு தூரம் நகர்த்தப் போகிறீர்கள்? என் பிள்ளையின் முரசு மெல்லியதா, தடிப்பானதா? இக்கேள்விகளுக்கு அமைதியாகப் பதில் சொல்பவரை நம்பலாம். படம் எப்படி வந்தாலும் திட்டம் மாறாது என்றால் அந்தப் படம் தேவையில்லை.

இன்னொன்று. மேல் வேட்டைப் பல் முளைக்கும் இடத்தைப் பத்து வயதிலேயே பல் வைத்தியரிடம் காட்டித் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முரசுக்கு வெளியே மேடாகத் தட்டுப்பட்டால் நல்லது. தட்டுப்படாவிட்டால் அப்போதே கவனிக்கலாம். பிந்தினால் வேலையும் செலவும் கூடும்.

வசதி குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். கொழும்பிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையிலும் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் பற்சீரமைப்பு நிபுணர்கள் இருக்கிறார்கள். காத்திருக்க வேண்டி வரும் என்பது உண்மைதான். அதனால் பிள்ளைக்கு ஏழெட்டு வயதிலேயே ஒரு முறை காட்டிவிடுவது புத்தி.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: எந்தப் பல்லைக் கழற்ற வேண்டும், கழற்ற வேண்டாம் என்று வாயைப் பார்க்காமல் எங்களால் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் முதலாவது டொக்டர் எழுதிய இரண்டு எக்ஸ்றேயையும் எடுங்கள். அவை வீண் செலவல்ல. அவற்றைப் பார்த்த பின்பும் சந்தேகம் இருந்தால் மட்டும், தேவையான பரப்புக்கு ஸ்கேன் எடுக்கலாம். பிறகு அதே படங்களோடு இரண்டாவது இடத்துக்கும் போய், "கழற்றாமல் செய்தால் இந்த எலும்புக்குள் பல் அடங்குமா?" என்று கேளுங்கள். படத்தைக் காட்டி விளக்குபவர் யார், படத்தைப் பார்க்காமலே உறுதி கொடுப்பவர் யார் என்று அப்போது தெரிந்துவிடும். யாரை நம்புவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

உங்கள் மகள் கையால் வாயைப் பொத்தாமல் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு அவள் உம்மம்மாவாகும் வயதிலும் இருக்க வேண்டும். அதற்காக இன்னும் சில வாரங்கள் பொறுத்து, எலும்பைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த இதழில் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம். உங்கள் கேள்விகளைத் தொடர்ந்து எழுதுங்கள்.